மடத்துக் காரின் ஸ்டியரிங்

மரகத அம்மையின் மடத்தில் ஒரே ஒரு கார் இருந்தது. அதற்கு வயது இருபத்தாறு. அதை ஓட்டுகிற சபாநாயகத்துக்கு அறுபத்து மூன்று. இரண்டில் எது அதிகம் முனகும் என்று மடத்தில் யாரைக் கேட்டாலும் சபாநாயகத்தைத்தான் கை காட்டுவார்கள்.

அவர் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. அம்மை அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். காவி கட்டுவதற்கு முன்பு வேலூரில் தன் அப்பாவின் கார் பட்டறையில் பதினைந்து வருஷம் கிரீஸ் கையோடு நின்றவர். ஆனாலும் அம்மைதான் குரு, இவர்தான் சீடர். அதில் சபாநாயகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப வைக்கிற பவர் ஸ்டியரிங் மேல்தான். அதன் பம்ப்பிலிருந்து ஆயில் போகிற ரப்பர் ஹோஸில் கசிவு. தினமும் காலையில் காருக்கு அடியில் மண் சிவப்பாக நனைந்திருக்கும். கிளாம்பை முறுக்கிப் பார்த்தார். கசிவை அடைக்கும் என்று கடைக்காரர் கொடுத்த மருந்தை ஊற்றிப் பார்த்தார். சைக்கிள் டியூபைக் கிழித்து வரிந்து கட்டிப் பார்த்தார். எது செய்தாலும் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். புது ஹோஸ் சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகுமாம். அதுவரை ஊற்றுவதும் ஒழுகுவதுமாகப் பிழைப்பு ஓடியது.

இதெல்லாம் ஒரு ரிப்பேரா என்று அவர் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அம்மை ஒன்றுதான் கேட்பார்.

"இன்னிக்கு வண்டி போச்சா?"

போயிருக்கும். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்பது அம்மையின் கட்சி.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். அம்மை கண் டாக்டரைப் பார்க்கப் போளூருக்குக் கிளம்பினார். அன்றைக்குத்தான் கலசபாக்கத்தில் சபாநாயகத்தின் தம்பி குஞ்சிதபாதத்தின் மகளுக்குக் கல்யாணம். பத்தரைக்குள் தாலி கட்டு. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

அப்பா இறந்தபோது சபாநாயகம் தூத்துக்குடியில் வேலையில் இருந்தார். வழியெல்லாம் வெள்ளம். ஒன்றரை நாள் காத்திருந்துவிட்டு, ஊரார் நெருக்கியதால் தம்பியே கொள்ளி வைத்துவிட்டார். அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்த மகன் உரிமை. சபாநாயகம் வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் மிச்சம். இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா என்று அன்று கேட்டவர், அதற்குப் பிறகு தம்பியிடம் எதையுமே கேட்கவில்லை.

போன வாரம் தம்பி தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை எடுத்துக்கொண்டு மடத்துக்கே வந்தார். சபாநாயகம் அறையைவிட்டு வெளியே வரவில்லை. தம்பி தட்டை அம்மையிடம் கொடுத்தார். தாலியை அண்ணன் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

சபாநாயகம் காரை மடத்திலிருந்து மெதுவாக வெளியே எடுத்தார். பிறகு, "அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க."

"கோவம் அப்படியேதான் இருக்கு. அதை உள்ள வெச்சிக்கிட்டு அங்க போய் நின்னா வேஷம் இல்லையா? முதல்ல மனசு மாறணும். அப்புறம் போறதுதானே முறை?"

அம்மை மடியில் இருந்த வேர்க்கடலையை உடைத்து அவரிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். அம்மை தானே தின்றுவிட்டு அடுத்ததை உடைத்தார்.

மெயின் ரோடு வந்தது. இடப்பக்கம் போளூர், வலப்பக்கம் கலசபாக்கம். சபாநாயகம் போளூர்ப் பக்கம் ஒடித்தார். அடியில் ஏதோ பட்டென்று வெடித்தது. பம்ப் அலற ஆரம்பித்தது. ஒரு பெட்ரோல் பங்க்குக்கு முன்னால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தார். ஹோஸ் நீளமாகக் கிழிந்திருந்தது. கையில் இருந்த பாட்டில் ஆயிலை ஊற்றினார். மேலே ஊற்றியது அப்படியே கீழே வந்தது.

அவ்வளவுதான், இனி எங்கும் போக முடியாது என்று நினைத்தார். அப்படி நினைத்தபோது மனசுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. கார் நின்றுவிட்டது, நான் என்ன செய்ய? தம்பிக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதற்காக அவர் வெட்கப்படவும் செய்தார்.

அம்மை இறங்கி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பேனரைக் கேட்டார். குனிந்து எதையோ தளர்த்தினார். கொஞ்ச நேரத்தில் பம்ப்பைச் சுற்றுகிற பெல்ட் அவர் கையோடு வந்தது. காவியில் கரி அப்பியிருந்தது. முகம் மட்டும் பட்டறைக்காரி முகமாகக் களையாக இருந்தது.

"சரியாயிடுச்சாம்மா?"

"எங்க சரியாச்சு? இனிமே பவர் கிடையாது. ஆயில் இல்லாம சுத்தினா பம்ப் கருகிடும், அதான் கழட்டிட்டேன். வண்டி போகும். உங்க கைதான் நோகும்."

இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். மணி ஒன்பது இருபது. சபாநாயகம் இன்ஜினை எழுப்பினார். சத்தமில்லாமல் நன்றாகவே ஓடியது. சொல்லிக்கொள்ள வைத்திருந்த காரணமும் போயிற்று. தாலித் தட்டோடு வாசலைப் பார்த்து நிற்கிற தம்பி கண்ணுக்குள் வந்தார். அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"உங்க கண் டாக்டர்..." என்று இழுத்தார்.

"அவர் தினம் இருப்பாரு."

சபாநாயகம் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்து இழுத்தார். கலசபாக்கம் போக வேண்டுமானால் வண்டியை முழுசாகத் திருப்பியாக வேண்டும். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். தோள்பட்டை வலித்தது, நெற்றியில் வியர்த்தது. விரற்கடைகூடத் திரும்பவில்லை. கையை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"கல்லு மாதிரி இருக்கும்மா. என்னால ஆகாது."

"நின்ன இடத்துலயே திருப்பினா யாராலயும் ஆகாது" என்றார் அம்மை. "கொஞ்சம் நகர விடுங்க. நகர நகரத்தான் லேசாகும்."