தாளாளர் மேலே போகிறார்

மாணவர்களின் சோதனைகளைச் சுமந்து, விமானத்துக்கும் மேலே பறக்கப்போகும் பலூன் அது. அதில் அந்தப் பள்ளிக்குக் கிடைத்தது ஒரு டிபன் பாக்ஸ் அளவு இடம்தான். அத்தனை உயரத்துக் குளிரில் போய்வந்த இட்லி மாவு அப்புறமும் பொங்குமா என்று பார்க்க, ஒன்பதாம் வகுப்பு மதிவதனி மாவை ஆட்டி வைத்திருந்தாள்.

பள்ளித் தாளாளர் தணிகாசலம் வந்தார்.

"மாவாவது கீவாவது! அதை எடுத்துட்டு என் போட்டோவை வை. நான் மேலே போறதை ஊரே பார்க்கணும்!"

மதிவதனி, "சரிங்க ஐயா, ஊருக்கும் சொல்லிடறேன்" என்றாள்.

சாயங்காலமே பள்ளி வாசலில் அவருடைய பெரிய படத்தோடு தட்டி நின்றது: 'நமது தாளாளர் மேலே போகிறார். நாளை காலை அனைவரும் வருக.'

சற்று நேரத்தில் தாளாளர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவரே திறந்தார். ரோஜா மாலையோடு நின்றவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார்: "எப்பங்க எடுக்கறாங்க?"

தாளாளர் பள்ளிக்கு ஓடினார். "என்னம்மா எழுதி வச்சிருக்கே!"

"நீங்க சொன்னதைத்தாங்க ஐயா எழுதினேன். இப்ப சொல்லுங்க, மேலே போறது நீங்களா, மாவா?"

"மாவே போகட்டும் தாயே!"

மறுநாள் மாவு மேலே போனது. தாளாளர் தரையில் காலை நன்றாக ஊன்றி நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி கைதட்டினார்.