பொன்மிதவையில் கடல் பார்க்கப் போன கரடி

ஆற்றங்கரைக் காடு ஒன்றில் சடையன் என்ற கரடியும் வடிவு என்ற சருகுமானும் வாழ்ந்து வந்தன. சடையன் பாறை போலப் பெரியது. வடிவு முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஆனாலும் இரண்டும் சிறு வயது முதல் சிநேகம்.

முன்பு அவற்றோடு தோலப்பன் என்ற உடும்பும் இருந்தது. மூன்றும் இளசுகளாக இருந்தபோது ஒரு முறை ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. கரையில் நின்ற இலுப்பை மரம் ஒன்று வேரோடு சாய்ந்து மிதந்தது. "வாருங்கள், இது எங்கே போகிறதென்று பார்ப்போம்" என்று தோலப்பன்தான் முதலில் அதில் ஏறியது. மூன்று பகல் அந்த மரத்தின்மேல் மிதந்து போய்க் கடலைப் பார்த்தன. வழியெல்லாம் நனைந்த இலுப்பைப் பூதான் சாப்பாடு. கடலைக் கண்டதும் தோலப்பன், "இதற்கு அக்கரையே இல்லையே" என்றது.

அந்தத் தோலப்பன் போன கோடையில் இறந்துபோனது. அன்றிலிருந்து மற்ற இரண்டும் அந்தப் பயணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் வடிவு சொன்னது: "சடையா, எனக்குக் கண்ணில் திரை விழுகிறது. எதிரே இருக்கிற செடி பச்சையா, காய்ந்ததா என்று தெரியவில்லை. இந்த மழைக்காலம் போனால் எனக்குப் பார்வை இருக்காது. அதற்குள் கடலை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்."

"போவோம்" என்றது கரடி. யோசிக்கக்கூட இல்லை.

"நீ பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததை உன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்."

"அதற்கென்ன, சொல்கிறேன்."

அந்த ஆற்றில் அப்போது இரண்டு படகுகள் ஓடின. ஒன்று, கிழட்டு ஆமை ஒன்று தள்ளிக்கொண்டு போகிற மூங்கில் தெப்பம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தேனடை கொடுத்தால் போதும். சாப்பாடு அவரவர் கொண்டுவர வேண்டும். அலை அடித்தால் நனைய வேண்டும்.

மற்றொன்று, நீர்நாய்கள் நடத்திய பொன்மிதவை. ஐந்து பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டியது. மேலே தாழை ஓலைக் கூரை. உள்ளே பாசி மெத்தை. ஆளுக்கு ஆறு தேனடை.

"ஆறா?" என்று கேட்டது கரடி.

"எல்லாம் அதற்குள் அடக்கம், ஐயா" என்றது நீர்நாய்த் தலைவன் மதியழகன். "பலாச்சுளை, அத்தி, நாவல், ஈசல், கறையான், தேன்தண்ணீர். எத்தனை தடவை கேட்டாலும் தருவோம். மைனாக்கள் முதுகில் உண்ணி பொறுக்கும். போக மூன்று நாள், வர மூன்று நாள். ஏறிய பிறகு நீங்கள் எதற்கும் தனியாக ஒன்றும் கொடுக்க வேண்டாம்."

வடிவு கரடியின் காலருகே வந்து மெதுவாகச் சொன்னது: "நான் ஒரு நாளைக்கு நாலு அத்திப்பழம் தின்பேன். எனக்கு எதற்கு ஆறு தேனடை? தெப்பத்திலேயே போவோமே."

"நனைந்தால் உன் மூட்டு வலிக்காதா?"

வலிக்கும். அதனால் வடிவு ஒத்துக்கொண்டது.

கரடியிடம் பாறை இடுக்கில் சரியாகப் பன்னிரண்டு தேனடை இருந்தது. அந்த வருடம் முழுவதும் தேனீயிடம் கொட்டு வாங்கிச் சேர்த்தது. அத்தனையையும் கொண்டுவந்து நீர்நாயின் முன்னால் வைத்தது. வைக்கும்போது மனசு நிறைவாகத்தான் இருந்தது. மிதவை கரையை விட்டு நகர்ந்ததும்தான் கணக்குப் பார்த்தது.

'பன்னிரண்டு' என்று நினைத்தது கரடி. 'பன்னிரண்டையும் கொடுத்துவிட்டோமே.'

நீர்நாய்கள் சொன்ன சொல் தவறவில்லை. மெத்தை மெத்தென்று இருந்தது. கேட்டதெல்லாம் வந்தது. முதல் நாள் கரடி மூன்று பலாப்பழம் தின்றது. பிறகு கறையான் கேட்டது. பிறகு ஈசல். அதன்மேல் தேன்தண்ணீர்.

"உனக்கு இவ்வளவு பசியா?" என்று கேட்டது வடிவு.

"பசி இல்லை. விட்டால் நட்டம்."

"நட்டமா?"

"நீ நாலு பழத்தோடு நிறுத்திவிட்டாய். உன் பங்கையும் சேர்த்து நான்தானே சாப்பிட வேண்டும்?"

பக்கத்து மெத்தையில் ஒரு கிழட்டு மிளா மான் படுத்திருந்தது. அதற்குப் பின்னங்கால் ஒன்று நொண்டி. கடலோரக் காட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. ஏறியதிலிருந்து அது இரண்டு வாய் புல்தான் தின்றிருந்தது.

"நீங்களும் ஆறு தேனடை கொடுத்தீர்களா அம்மா?" என்று கரடி அதனிடம் கேட்டது.

"என் பேரன்கள் சேர்த்துக் கொடுத்தார்கள்."

"ஒன்றுமே சாப்பிடவில்லையே. வீணாகவில்லையா?"

"எது வீண்? நாலு வருடமாக மகள் முகத்தைப் பார்க்கவில்லை. இந்தக் காலோடு கரை வழியே நடக்க முடியாது. தெப்பத்தில் நிற்கவும் முடியாது. இங்கே படுத்துக்கொண்டே போகிறேன். எனக்கு இது மலிவு" என்று சொல்லிவிட்டு மிளா கண்ணை மூடிக்கொண்டது.

கரடிக்கு அது விளங்கவில்லை. அது இன்னொரு பலாப்பழம் கேட்டது.

இரண்டாம் நாள் காலையில் மிதவை ஆற்று வளைவு ஒன்றில் திரும்பியது. நீரின் சத்தம் மாறியதை வடிவு காதாலேயே அறிந்துகொண்டது. விளிம்புக்கு ஓடியது.

"சடையா, சீக்கிரம் வா. இது மூன்றாம் மடு. நாம் மரத்தோடு மணலில் சிக்கிக்கொண்டோமே, அந்த இடம். தோலப்பன் ஒரு பாறையில் ஏறி வெயில் காய்ந்ததே, அந்தப் பாறை இருக்கிறதா பார்த்துச் சொல்."

"இதோ வருகிறேன். இப்போதுதான் ஈசல் கொண்டுவந்து வைத்தார்கள்."

"அப்புறம் தின்னலாம். மிதவை நகர்கிறது."

"விட்டால் ஈசல் பறந்துபோய்விடும். இதோ, இரண்டே வாய்."

வடிவு தனியாக நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தது. கரையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது பாறையா, மணல் திட்டா, கொக்குக் கூட்டமா என்று தெரியவில்லை. கூரையில் உட்கார்ந்திருந்த மைனாவைக் கேட்டது.

"எந்தப் பாறை? இங்கே நூறு பாறை இருக்கிறதே" என்றது மைனா.

கரடி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது வளைவு பின்னால் போய்விட்டது.

"திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றது கரடி.

அன்று வடிவு நாலு அத்திப்பழத்தில் இரண்டை மீதி வைத்தது. கரடி அதையும் எடுத்துத் தின்றது.

மூன்றாம் நாள் காலை மிதவை கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. காற்றில் உப்பு வாசம் வீசியது. கடல் அங்கிருந்து தெரியாது. நடுவில் உயரமான மணல்மேடு ஒன்று இருந்தது. அதில் ஏறி இறங்கினால்தான் கடல்.

மதியழகன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னது: "உச்சிப்பொழுதில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். அந்த ஏற்றத்தில்தான் கரையோரம் கயிறு கட்டி இழுக்கும் நம் எருமைகளால் மிதவையை ஆற்றில் மேலே இழுக்க முடியும். அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்."

மிளாவின் மகள் கரையில் காத்திருந்தது. தாயும் மகளும் கழுத்தோடு கழுத்து உரசிக்கொண்டு காட்டுக்குள் போயின.

"சடையா, போவோமா?" என்றது வடிவு.

கரடி எழுந்தது. நாலு அடி வைத்தது. வயிறு கல் போல இறுகியிருந்தது. நெற்றியில் வேர்த்தது. கரைக்கு வந்ததும் ஒரு தாழைப் புதரடியில் அப்படியே சாய்ந்தது.

"கொஞ்சம் பொறு. இப்போது சரியாகிவிடும்."

சரியாகவில்லை. கரடி வாந்தி எடுத்தது. புரண்டு படுத்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மதியழகன் வந்து பார்த்தது. நல்ல குணம் உள்ள நீர்நாய் அது. "அம்மா, நீங்கள் மட்டுமாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வழி காட்ட ஒரு மைனாவை அனுப்புகிறேன். அதற்கும் தனியாக ஒன்றும் வேண்டாம்" என்றது.

வடிவு மணல்மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அலைச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"மைனாவுக்குத் தோலப்பனைத் தெரியாதே" என்றது. பிறகு கரடியின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டது.

கண்ணை மூடிக் கிடந்த கரடியின் காதில் அது விழுந்தது. வயிற்று வலியைவிட அது அதிகமாக வலித்தது. மூன்று நாள் தான் என்ன செய்தோம் என்று கரடி நினைத்துப் பார்த்தது. ஈசலும் பலாவும் நினைவுக்கு வந்தன. ஆறு நினைவில் இல்லை. ஒரு வளைவுகூட நினைவில் இல்லை.

உச்சிப்பொழுது வந்தது. நீர் ஏறியது. எருமைகள் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன.

"ஐயா, ஏறுங்கள்" என்றது மதியழகன்.

"மிதவை போகட்டும்" என்றது கரடி.

வடிவு தலையைத் தூக்கியது. "வருவதற்கும் சேர்த்துத்தானே கொடுத்தாய்? இன்னும் மூன்று நாள் சாப்பாடு இருக்கிறதே."

"போகட்டும்."

நீர்நாய் தயங்கியது. "கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தர முடியாது ஐயா. எங்கள் வழக்கம் அப்படி."

"நான் கேட்கவில்லை. நீ உன் சொல்லைக் காப்பாற்றினாய். நான்தான் இவளுக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றவில்லை."

மதியழகன் உள்ளே போய் அத்திப்பழங்களை இலையில் கட்டிக் கொண்டுவந்து வடிவின் முன்னால் வைத்தது. மிதவை மெல்ல நகர்ந்து மறைந்தது.

வெயில் தாழ்ந்தபோது கரடியின் வயிறு கொஞ்சம் அடங்கியது. இரண்டும் மணல்மேட்டில் ஏறின. ஏறி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. கரடி இரண்டு இடத்தில் உட்கார்ந்தது. வடிவு காத்திருந்தது.

மேலே போய் நின்றன.

"எனக்கு வெளிச்சம்தான் தெரிகிறது" என்றது வடிவு. "பெரிய வெளிச்சம். நீ சொல்."

கரடிக்குச் சொல்லத் தெரியவில்லை. "தண்ணீர்" என்றது. "நிறையத் தண்ணீர்."

"என்ன நிறம்? நீலமா?"

"நீலம் இல்லை." கரடி உற்றுப் பார்த்தது. அந்த மூன்று நாளில் அது எதையும் உற்றுப் பார்த்தது இதுவே முதல் தடவை. "பச்சையும் சாம்பலும் கலந்த மாதிரி. மழையில் நனைந்தால் தோலப்பன் முதுகு எப்படி இருக்கும், அப்படி."

வடிவு சிரித்தது. "சரி, அப்புறம்?"

"ஓர் அலை எழும்புகிறது. உடைய மனசில்லாமல் வருகிறது. இப்போது உடைந்துவிட்டது. கரையில் நண்டுகள் ஓடுகின்றன. ஒன்று மட்டும் ஓடாமல் நம்மைப் பார்க்கிறது."

"அப்புறம்?"

இருட்டும்வரை கரடி சொல்லிக்கொண்டே இருந்தது. வடிவு கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை இரண்டும் ஊர் திரும்பப் புறப்பட்டன. கரை வழியே பதினொரு நாள் நடை. வடிவால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. கரடிக் குட்டிகள் தாயின் முதுகில் ஏறிக்கொள்வதைப் போல அது சடையன் முதுகில் ஏறி, நீண்ட மயிரைப் பற்களால் பிடித்துக்கொண்டது. கிடைத்ததைத் தின்றன. அகப்பட்டது இலந்தையும் கிழங்கும்தான். ஒரு நாள் நன்றாக மழை பிடித்தது. வடிவுக்கு மூட்டு வலித்தது. கரடி ஒரு பாறைக்கடியில் சுருண்டு, அதைத் தன் வயிற்று மயிருக்குள் வைத்துக்கொண்டது.

வழியில் பார்த்த எல்லாவற்றையும் கரடி சொல்லிக்கொண்டே வந்தது. பார்க்காததையும் சில இடத்தில் சேர்த்துச் சொன்னது. வடிவுக்கு அது தெரிந்தது. தெரிந்தும் கேட்டுக்கொண்டது.

மழைக்காலம் முடிந்தபோது வடிவின் பார்வை முழுவதும் போயிருந்தது. ஆனால் அது தட்டுத் தடுமாறவில்லை. சடையன் முன்னால் நடந்து புதர்களை விலக்கிவிட்டது.

ஒரு நாள் காட்டுப்பன்றி ஒன்று வந்து கேட்டது. "நானும் பொன்மிதவையில் போகலாம் என்று இருக்கிறேன். ஆறு தேனடை தகுமா? நீங்கள் போய்வந்தவர்கள், சொல்லுங்கள்."

"மெத்தை நல்ல மெத்தை" என்றது வடிவு. "அதைக் குறை சொல்ல மாட்டேன். என் மூட்டு அந்த மூன்று நாள் வலிக்கவே இல்லை."

பன்றி கரடியைப் பார்த்தது.

கரடி சொன்னது: "தகுமா என்று நொண்டிக்கால் மிளாவைக் கேள், தகும் என்று சொல்லும். என்னைக் கேட்காதே. நான் அந்த மிதவையில் ஏறினேன், தின்றேன், இறங்கினேன். பயணம் போனது திரும்பி வரும்போதுதான். நீ எதற்காகப் போகிறாய் என்று முதலில் யோசி. யோசித்துக் கொடுத்துவிட்டால், கொடுத்ததை மறந்துவிட்டு ஏறு."

கொடுத்த விலையை வயிற்றில் போட்டு ஈடுகட்டப் பார்ப்பவன், எதற்காக அந்த விலையைக் கொடுத்தானோ அதைத் தவறவிட்டுவிடுவான்.