முள்ளிக்கொம்பைக்குப் பஸ் வந்ததா?

கோதண்டம் அன்னசாலைக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"அம்மா, நான் பொய் சொல்றவனா?"

வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் அந்தச் சாலையை நடத்துகிற தையல்நாயகி அம்மை வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளே வாங்கண்ணா. முதல்ல உட்காருங்க."

அம்மைக்கு நாற்பது வயது. கோதண்டத்துக்கு ஐம்பத்து நான்கு. வயதில் மூத்தவர் என்பதால் அம்மை அவரை அண்ணா என்பார். ஞானத்தில் மூத்தவர் என்பதால் அவர் அம்மையை அம்மா என்பார். இதில் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. கோதண்டத்தின் குழப்பமெல்லாம் பஸ்ஸில் இருந்தது.

கோதண்டம் சென்னையில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று மாற்றல் வாங்கி, இந்த மலையடிவாரத்து டிப்போவுக்கு வந்திருந்தார். ஒரு மெமோ வாங்கியதில்லை. ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிறவர் என்று ஒரு விழாவில் கேடயம்கூடக் கொடுத்தார்கள். அதை அவர் எல்லோரிடமும் சொல்வார். இரண்டு தடவை சொல்வார்.

டிப்போவில் அவருக்குக் கிடைத்தது முள்ளிக்கொம்பை வண்டி. மலை மேல் கடைசி ஊர். காலை ஏழு பத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும், ஐந்து நிமிடம் நின்று திரும்ப வேண்டும். நாளுக்கு ஒரே நடைதான்.

எட்டு நாள் போனார். எட்டு நாளும் ஏழு பத்து. ஏழு ஒன்பது ஆனதில்லை, ஏழு பதினொன்று ஆனதும் இல்லை. எட்டு நாளும் கடைசி நிறுத்தத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

"எங்க பக்கமா இருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து புங்க மரத்தடியில குந்திருப்பாங்க," என்றார் கண்டக்டர் செங்குட்டுவன். அவர் வேதாரண்யம் பக்கத்துக்காரர், வேலைக்குப் புதுசு.

"எங்க ஊர்ல ஓடிவந்து தொங்குவாங்க," என்றார் கோதண்டம்.

இருவரும் காலியான வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள்.

ஒன்பதாம் நாள் டிப்போவுக்கு ஒரு மனு வந்தது. முள்ளிக்கொம்பைக்கு எட்டு நாளாகப் பஸ் வரவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குப் பாதையில் ஏழு கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று எழுதி, நாற்பது பேர் கைநாட்டும் கையெழுத்தும் வைத்திருந்தார்கள்.

அதிகாரி கோதண்டத்தைக் கூப்பிட்டார். விசாரணை முடியும்வரை வண்டியையும் நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் அம்மையிடம் சொல்லி முடித்தபோது கோதண்டத்துக்கு மூச்சு வாங்கியது.

"அவங்க சொல்றது பொய்யாண்ணா?" என்று கேட்டார் அம்மை.

"அதாம்மா பேஜாரு. பொய் இல்ல."

"நீங்க சொல்றது?"

"அதுவும் பொய் இல்லம்மா."

அம்மை அடுத்த இலையை எடுத்தார்.

"நேத்து நடந்தே மேலே போனேம்மா. சண்டை போடத்தான் போனேன். நிறுத்தத்துலேர்ந்து மேடு ஏறி இறங்கினா அந்தாண்ட வீடுங்க. பஸ் நிக்கிற எடம் அங்கேர்ந்து தெரியாது. வெள்ளையாயின்னு ஒரு அம்மா, பேத்திக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தாங்க."

வெள்ளையாயியிடம் நடந்த பேச்சை அவர் அப்படியே ஒப்பித்தார்.

"இன்னாம்மா, எட்டு நாளு வந்து நின்னேன். வரலைன்னு எழுதிக் குடுத்துருக்கீங்க?"

"வரலீங்களே. வந்தா கத்துமுங்க."

"எது?"

"பஸ்ஸுங்க. பெரிய பாறைகிட்ட வாரப்பவே மூணு வாட்டி கத்தும். பழைய டிரைவர் அப்படித்தான் கத்த உடுவாருங்க. நாங்க பையைத் தூக்கிக்கிட்டு ஓடுனா சரியா இருக்கும். எட்டு நாளா சத்தமே இல்லீங்க."

"நீங்க முன்னாடியே வந்து நிறுத்தத்துல நிக்கக்கூடாதா?"

"எத்தனை நாளைக்குங்க நிக்கறது? மழை பேஞ்சா வராது. வண்டி ரிப்பேருன்னா வராது. மேல வர ஆளு இல்லைன்னா வராது. போன வருசம் ஒரு மாசம் வரல. ஏன்னு யாரும் வந்து சொல்லல. வாரது உங்களுக்குத்தானுங்க தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோதண்டம் சொல்வதை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"வளைவுல மட்டும் பட்டும் படாம ஒரு தட்டு தட்டுவேம்மா. அதுக்கு மேல ஹாரன் அடிக்கக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷம் ஓட்டினேன்? அங்க அதுக்குக் கேடயம். இங்க அதுக்கு மனு."

"அதிகாரிகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். கதை வேணாம்யா, ஹாரன் அடிக்கணும்னு விதி ஒண்ணும் இல்ல, வந்துச்சா வரலையா, அதை மட்டும் எழுதுன்னுட்டார். நாளைக்குள்ள குடுக்கணும்."

தாளில் எட்டு தேதிகள் இருந்தன. கீழே ஒரே கேள்வி. மேற்படி நாட்களில் முள்ளிக்கொம்பைக்குப் பேருந்து வந்ததா? ஆம், இல்லை.

"ஆம்னு எழுதினா?" என்றார் அம்மை.

"வந்தும் யாரும் ஏறலைன்னு ஆயிடும். ஆளே ஏறாத ஊருக்குப் பஸ் எதுக்குன்னு நிரந்தரமா நிறுத்திடுவாங்க."

"இல்லைன்னு எழுதினா?"

"எட்டு நாளும் போனேன்னு டிப்போ நோட்டுல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். அது பொய்க் கையெழுத்து ஆயிடும். வேலைக்கே உலை வச்சிடுவாங்க." தாளை அம்மை பக்கம் நீட்டினார். "எதை எழுதட்டும்மா?"

அம்மை இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"பின்னாடி பெரிய அண்டா கிடக்குது. தேய்ச்சு வைங்கண்ணா. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

கோதண்டம் போய் அண்டாவைத் தேய்த்தார். அண்டா பளபளத்தது. மனசு அப்படியேதான் இருந்தது. ஆம் என்று எழுதினால் வெள்ளையாயியின் பேத்தி நடப்பாள். இல்லை என்று எழுதினால் அவர் வீட்டில் உட்காருவார். தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்த்தார்.

அன்னசாலையில் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். அன்றைக்கு அடிக்கவில்லை. அம்மை ஆள் அனுப்பி, கூடத்தில் இருந்தவர்களையும் தெருவில் இருந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுவரச் செய்தார். கோதண்டம் இருந்த கொல்லைப் பக்கம் மட்டும் யாரையும் அனுப்பவில்லை.

கோதண்டம் வந்தபோது கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாடு?" என்றார்.

"ஆச்சுங்கண்ணா. பன்னிரண்டுக்கே போட்டாச்சு. உங்களுக்கும் இலை போட்டிருந்தோம். நீங்க வரலை."

"மணியே அடிக்கலையேம்மா!"

"இல்லைங்க. ஆனா சாப்பாடு நேரம் தவறலை."

கோதண்டம் ஈரக் கையோடு நின்றார். விளங்கியதுபோல் இருந்தது. உடனே விளங்காததுபோலவும் இருந்தது.

"அப்ப தப்பு என் மேலதாம்மா. கையில வாட்ச் கட்டியிருக்கேன். பார்த்துட்டு வந்திருக்கணும். அப்படின்னா அந்த ஊர்க்காரங்க மேலயும் தப்புதானே?"

அம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் நடத்திய பாடம் இப்படித் திரும்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"தப்பு யார் மேலன்னு நான் கேட்கலைங்கண்ணா. பசிக்குதா?"

"பசிக்குதும்மா."

"சாப்பாடு போட்டாச்சுன்னு சொன்னேனே. அது பொய்யா?"

"பொய் இல்ல."

"பசி?"

"அதுவும் பொய் இல்லம்மா." கோதண்டத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் கேட்டதையே எனக்குத் திருப்பிக் கொடுக்கறீங்க. அங்க மெட்ராஸ்ல நான் ஹாரன் அடிக்காம போனா, நல்லவன்னாங்க. ஒண்ணு போனா அஞ்சு நிமிஷத்துல அடுத்தது வரும், யாருக்கும் ஒண்ணும் இல்ல. அதே கை, அதே வண்டி, அதே நேரம். மலை மேல ஏறினா மட்டும் எப்படிம்மா நான் வராதவனா ஆவேன்?"

அம்மை உள்ளே போய், மூடி வைத்திருந்த சோற்றையும் குழம்பையும் எடுத்துவந்து, இலை போட்டுப் பரிமாறினார். கோதண்டம் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நல்ல பசி. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து தாளை முழங்காலில் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. இருபத்தாறு வருஷத்துல பொய் எழுதினது இல்ல. வண்டியை நான்தான் ஓட்டினேன், நான்தான் திருப்பினேன். ஆம்னே எழுதிடறேன். அந்தப் பிள்ளைங்க பாவம் என்னைச் சேரட்டும்."

"பொய் எழுதாதீங்கண்ணா."

"அதான் ஆம்னு எழுதறேன்."

"வேலைக்கு ஆபத்து வரும்னா வரட்டும்னு நான் சொல்ல மாட்டேன். போனா போறது என் வேலை இல்லையே. வந்தாலும் வரும். ஆனா கேள்வியை ஒரு தடவை படிங்க."

கோதண்டம் வாய்விட்டுப் படித்தார். "முள்ளிக்கொம்பைக்குப் பேருந்து வந்ததா?"

"நீங்க போனீங்களான்னா கேட்டிருக்காங்க?"

"இல்ல."

"நீங்க போனீங்கண்ணா. எட்டு நாளும் போனீங்க. அவங்களுக்குப் பஸ் வரலை."

கோதண்டம் கேள்வியை இன்னொரு தடவை படித்தார். பிறகு, இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.