கரையை உடைத்த சாபம்

ராஜா பராமரிக்காமல் விட்ட ஏரிக்கரை உடைந்து ஊரே வெள்ளக்காடானது. "குயவர்கள் விட்ட சாபத்தால்தான் உடைந்ததென்று தண்டோரா போடு. அவர்களை நாட்டைவிட்டே விரட்டப்போகிறேன்" என்றார் ராஜா.

தண்டோராக்காரன் சடையன் தெருத்தெருவாகக் கொட்டினான். "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், ராஜாவின் கரையைக் குயவர்கள் ஒரே வார்த்தையில் உடைத்துவிட்டார்கள்."

மறுநாள் அரண்மனையில் மனுக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. ஊரே தேங்காய் பழத்தோடு குயவர்களிடம் வரம் கேட்டுக் குயவர் தெருவில் நின்றது.

ராஜா பதறினார். "சாபமெல்லாம் பொய்யென்று போய்ச் சொல்."

"சொல்றேன் மகாராஜா. அப்ப கரை எதனால உடைஞ்சுதுன்னு கேப்பாங்களே, என்ன சொல்லட்டும்?"

"ஒன்றும் சொல்லாதே. கரைக்கு மண் போட ஆள் கூப்பிடு" என்றார் ராஜா.

"மண்ணோட பக்குவம் தெரிஞ்சவங்க குயவங்கதான். அவங்களையே கூப்பிடறேன்" என்றான் சடையன்.