ராஜாவின் கடைவாய்ப்பல்லில் ஒளிந்திருந்த உயிர்

வெகு வெகு காலத்துக்கு முன்னே, முதலைகள் பேசிய நாளில், கன்னல்பட்டணம் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை விசயதரன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அந்த ஊர் ஏரிக்கு ஒரு வினோதம் உண்டு. அதன் மதகைப் பத்து யானைகள் சேர்ந்து இழுத்தாலும் திறக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை ராஜா கரையில் நின்று, “தாயே, தண்ணீர் தா” என்று மூன்று தடவை திருத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் மதகு தானே திறந்துகொள்ளும்.

அந்த ஊருக்குத் தித்திப்பன் என்றொரு மந்திரவாதி வந்தான். ராஜாவுக்கு ஒரு தங்கப்பெட்டியைப் பரிசளித்தான். அதில் எடுக்க எடுக்கக் குறையாத கற்கண்டு இருந்தது. ராஜா எழுந்ததும் தின்றார், உண்டதும் தின்றார், படுத்தபடியும் தின்றார். பல் துலக்க மறந்தார், வாய் கொப்பளிக்கவும் மறந்தார். பல்லிடுக்கில் ஒட்டிய இனிப்பைத் தின்னக் கடுகளவு குட்டிப் பூதங்கள் அங்கே குடியேறின. சின்னச் சின்ன மண்வெட்டியால் குடை குடை என்று குடைந்தன. ஒரு பல் கறுத்தது, இரண்டு பல் கறுத்தது, பிறகு எல்லாப் பற்களும் கறுத்தன. கன்னம் பூசணிக்காயாக வீங்கியது.

மதகு திறக்கும் நாள் வந்தது. ஊரே கரையில் கூடியிருக்க, ராஜா வாயைத் திறந்தார். “ஆயே, அண்ணீ ஆ” என்றுதான் வந்தது. மூன்று தடவையும் அப்படியே. மதகு அசையவில்லை. வயலில் நாற்று வாடிக்கொண்டிருந்தது.

தித்திப்பன் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். நாலாம் நாள் உச்சிவேளையில் கிரீடத்தைத் தன் தலையில் வைத்தால் வலியைப் போக்குவதாகச் சொன்னான். வலி பொறுக்காத ராஜா தலையாட்டிவிட்டார்.

கூட்டத்தில் நின்ற விறகுவெட்டி செம்பாயிக்குப் பகீரென்றது. ஊர் அவன் கைக்குப் போனால் என்ன கதி ஆகும்? கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, மதகைத் திறக்க வேறு வழி இருக்கிறதா என்று பார்க்க ஏரியின் மறுகரைக்கு ஓடினாள். அங்கே படகு நீளத்துக்கு ஒரு முதலை வாயைப் பிளந்து கிடந்தது. குருவி ஒன்று அதன் பல்லிடுக்கைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

உள்பல்லில் ஓர் எலும்பு சிக்கியிருப்பதாகவும், குருவியின் அலகுக்கு அது அசையவில்லை என்றும், கொஞ்சம் எடுத்துவிடும்படியும் முதலை கேட்டது.

“கடித்துவிட்டால்?” என்றாள் செம்பாயி.

“எனக்கு இருக்கிற வலியில் வாயை மூடவே முடியவில்லை, பெண்ணே. எங்கே கடிப்பது?”

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள்வரை கையை விட்டு எலும்பைப் பிடுங்கினாள். நிம்மதியாக மூச்சுவிட்ட முதலை ஒரு ரகசியத்தைச் சொன்னது.

“தித்திப்பனுடைய உயிர் ராஜாவின் பல் ஒன்றில் இருக்கிறது. அது எதுவென்று தெரியக்கூடாது என்றுதான் எல்லாப் பற்களையும் கறுக்க வைத்தான். மூன்று நாள், காலையிலும் படுக்கும்முன்னும் வேலங்குச்சியால் ராஜாவைப் பல் துலக்கச் சொல். எதைத் தின்றாலும் வாய் கொப்பளிக்கச் சொல். தீனி இல்லாமல் பூதங்கள் ஓடிவிடும். அதன்பிறகும் எந்தப் பல் கறுப்பாக நிற்கிறதோ, அதைப் பிடுங்கி உடைத்துவிடு.”

செம்பாயி வேலங்குச்சிகளை ஒடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக அரண்மனைக்குப் போனாள். ராஜா எதையும் செய்து பார்க்கத் தயாராக இருந்தார். முதல் நாள் துலக்கியபோது பத்துப் பூதங்கள் மண்வெட்டியோடு கிண்ணத்தில் விழுந்தன. இரண்டாம் நாள் நூறு விழுந்தன. விஷயம் தெரிந்த தித்திப்பன் மந்திரம் போட்டான். தங்கப்பெட்டி தானே திறந்து, “ஒன்றே ஒன்று, ஒன்றே ஒன்று” என்று கொஞ்சியது. ராஜாவின் கை மெல்ல நீண்டது.

“மகாராஜா, வெளியே நாற்று காய்கிறது” என்றாள் செம்பாயி.

ராஜா பெட்டியை டப்பென்று மூடி, திறக்காதபடி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் கடைசிப் பூதமும் ஓடிப்போனது. பற்கள் வெளுத்தன. நாலாம் நாள் காலை துலக்கி முடித்ததும் செம்பாயி கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் கரியாக இருந்தது. ஆனால் அதை எப்படி ஆட்டினாலும் அசையவில்லை. குறடு வாங்கிவரக் கொல்லன் பட்டறைக்கு ஓடினாள். திரும்பி வருவதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. தித்திப்பன் படியேறி வந்துகொண்டிருந்தான்.

அவள் குறட்டால் பல்லைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தித்திப்பன் வாசலைத் தாண்டினான். மறுபடி இழுத்தாள். பல் ஆடியது. அவன் கிரீடத்தில் கைவைத்தான். மூன்றாம் முறை மூச்சைப் பிடித்து இழுத்தாள். பல் கையோடு வந்தது. அதைத் தரையில் போட்டுக் கோடரியின் பின்புறத்தால் ஓங்கி அடித்தாள். பல் தூளானது. தித்திப்பன் மழையில் நனைந்த கற்கண்டுபோல் காலிலிருந்து தலைவரை கரைந்து காணாமல் போனான். தங்கப்பெட்டியும் மறைந்தது. ராஜாவின் கன்னம் வடிந்தது, பூதங்கள் பல்லில் குடைந்த குழிகள் மூடிக்கொண்டன.

ராஜா செருப்புக்கூடப் போடாமல் ஏரிக்கு ஓடினார். ஊரே பின்னால் ஓடியது. “தாயே, தண்ணீர் தா” என்று ஒருமுறை சொன்னார், இருமுறை சொன்னார், மூன்றாம் முறை ஊரோடு சேர்ந்து சொன்னார். மதகு படீரென்று திறந்தது. நுரையும் மீனுமாகத் தண்ணீர் வயலில் பாய்ந்தது. கிழவர்களும் குழந்தைகளும் வாய்க்காலில் குதித்து ஆடினார்கள்.

ராஜா அங்கேயே, நனைந்த உடையோடு, செம்பாயியை ஏரிக்கு அதிகாரி ஆக்கினார். அவள் நெடுநாள் அந்த ஏரியைக் கட்டிக் காத்தாள். ராஜாவோ மீதி முப்பத்தொரு பற்களோடு எண்பது வயதுவரை கரும்பைக் கடித்தே தின்றார்; தின்று முடித்ததும் வாய் கொப்பளித்தார். அவர்கள் அங்கே சுகம், நாம் இங்கே சுகம்.