பேர் வாங்காமல் கையிலேயே தங்கிவிட்ட பொடிசுகள்

எறும்பும் மாவுப் பானையும்கூட மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், உயிர்களுக்கெல்லாம் பேர் கொடுத்தது சூரியன்தான். மலையுச்சிக்கு நேரில் போய் வாங்க வேண்டும். ஒரு நாள் அதற்கும் அலுத்துவிட்டது. “நாளைப் பொழுது சாயும்வரைதான். அப்புறம் மனுஷங்களே பார்த்து வெச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டது.

மலையடிவாரத்தில் இருந்த சடைச்சி இதைக் கேட்டதும் மகளை வாரி எடுத்துக்கொண்டாள். குழந்தை பிறந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல் வேறு. சூரியன் கொடுத்த பேரில்லாத பிள்ளையை எமன் லேசில் தூக்கிப் போய்விடுவான் என்பது அந்த ஊரின் நம்பிக்கை. மகளுக்கென்று ஒரு பேரை மனசுக்குள் வைத்திருந்தாள். சூரியன் தரும் முன்னால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

மறுநாள் மகளைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்பும்போது மாவுப் பானைக்குள்ளிருந்து குரல் வந்தது. மாவைப் பொங்க வைக்கும் பொடிசுகள். நாம் இப்போது ஈஸ்ட் என்கிறோமே, அந்தக் கூட்டம்தான்.

“அக்கா, எங்களையும் கூட்டிட்டுப் போயேன். மலையேற எங்களுக்கென்ன காலா இருக்கு?”

“வாங்கடி. பாப்பாவோட சேர்த்து உங்களுக்கும் வாங்கிடலாம்.”

அதுவரை மாவை அகப்பையால்தான் கரைப்பார்கள். பானைக்குள் சடைச்சி கை விட்டது அன்றுதான் முதல் தடவை. பொடிசுகள் அவள் விரலெல்லாம் ஏறி ஒட்டிக்கொண்டன.

பச்சை உடம்புக்காரி எவ்வளவு தூரம் ஏறுவாள்? பாதி மலையில் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். குழந்தை பால் குடிக்கவில்லை. தவித்துப்போய் விரலை வாயில் வைத்தாள். ஒட்டியிருந்த மாவின் புளிப்புக்குக் குழந்தை மெல்லச் சப்பியது.

அந்த வழியாக ஏறிக்கொண்டிருந்த கட்டெறும்பு ஒன்று நின்றது. “ஏ பொடிசுகளா, இந்தம்மா இனி ஏறாது. என் முதுகுல ஏறுங்க, பொழுதுக்குள்ள சேர்த்துடறேன்.”

பொடிசுகள் ஒன்றையொன்று பார்த்தன.

“நாங்க இறங்கிட்டா பாப்பாவுக்கு இந்த ருசியும் இருக்காதே. நீ போ, அண்ணே.”

“பேரு வேண்டாமா உங்களுக்கு? நாளைக்குக் கேட்டாக் கிடைக்காது.”

பொடிசுகள் விரலோடு இன்னும் இறுக ஒட்டிக்கொண்டன. எறும்பு போய்விட்டது.

பொழுது சாய்ந்தது. விரலைச் சப்பிக்கொண்டிருந்த வாய் நின்றுபோனது. சடைச்சி அழுத அழுகையில் அந்த மலையே இறங்கி வந்திருக்க வேண்டும். ஆனால் எதுவும் அசையவில்லை. கூப்பிட்டு அழவும் அவளுக்கு ஒரு பேர் கிடைக்கவில்லை.

மகளைப் புதைத்துவிட்டு வந்து ஆற்றில் முங்கினாள். தண்ணீரில் எல்லாம் போயிற்று, பொடிசுகள் மட்டும் போகவில்லை.

“அக்கா, பாப்பாவைத் தொட்ட கையை விட்டுட்டு நாங்க எங்க போவோம்?”

அவற்றுக்குப் பசிக்குமே என்று, மறுநாள் அகப்பையை ஒதுக்கிவிட்டு வெறுங்கையால் மாவைக் கரைத்தாள்.

நாம் மாவைக் கையால் கரைப்பது அந்த நாளிலிருந்துதான். பொடிசுகள் பேரில்லாமலே மனிதர் தோலில் குடியிருப்பதும் அப்போதிருந்துதான். இன்றைக்கும் யாராவது தோலைப் பஞ்சால் ஒற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துப் பேர் வைக்கிறார்கள். சடைச்சி மனசில் வைத்திருந்த பேர் மட்டும் இன்னும் எதற்கும் வாய்க்கவில்லை.