மேலவீதியில் ஒரு சிவப்புக் கோடு

ஒரு காரில் ஒரு வழிகாட்டி குடியிருந்தது. கார் சேலத்துக் கார். வழிகாட்டி, செல்போனுக்குள் இருக்கிற வழிகாட்டி. சனங்கள் அதை மேப்பு என்பார்கள். நாட்டில் உள்ள அத்தனை சாலையும் அதற்கு அத்துப்படி. எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்த ஊரில் டீக்கடை விடியும்போதே திறக்கும், எல்லாம் சொல்லும். குரலோ தேன். சொன்ன பேச்சைக் கேட்காமல் வேறு பக்கம் திரும்பினாலும் கோபித்துக்கொள்ளாது. பேசாமல் இன்னொரு வழியைத் தேடும். இந்தக் குணம் மனுஷரில் பாதிப் பேருக்கு இருந்தால் ஊரில் சண்டையே இருக்காது.

அதற்கு ஒரே ஒரு பகை இருந்தது. சிவப்பு. வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து போகிற சாலை அதன் கண்ணுக்குச் சிவப்புக் கோடாகத் தெரியும். அதைக் கண்டால் போதும், நாலு ஊர் சுற்றியாவது தப்பி ஓடிவிடும்.

“என்னை நம்பி வந்தவர்களை இதுவரை நான் நெரிசலில் நிறுத்தியதில்லை,” என்று ஹாரனிடம் பீற்றிக்கொள்ளும்.

ஹாரன் அந்தக் காரில் மூத்த குடி. தொண்டை கட்டிய குரல், வெடுக்கென்ற பேச்சு. “நீ ஓடி ஒளியிற ஜாதி. நான் உள்ளே புகுந்து வழி கேட்கிற ஜாதி. நமக்குள்ள என்ன பேச்சு?” என்று சொல்லிவிட்டு, நாள் முழுக்க அதோடுதான் பேசிக்கொண்டிருக்கும்.

அன்று காரை ஓட்டியவர் தியாகேசன். பக்கத்தில் அவர் மனைவி தையல்நாயகி, மடியில் தண்ணீர் பாட்டிலும் பூப்பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் பிறந்த ஊரான திருக்கொன்றையூரில் அன்று தேர்.

“தேர் மேலவீதி தாண்டறதுக்குள்ள போயிடணுங்க,” என்றாள்.

“அதான் மேப்புல கோயிலைப் போட்டு வச்சிருக்கேனே. மதியத்துக்கு முன்னாடியே போயிடலாங்குது.”

வழிகாட்டிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. “கேட்டாயா ஹாரன், என் பேச்சுக்கு எவ்வளவு மரியாதை பார்.”

“மரியாதையா? இந்த அம்மா படுற பாட்டுக்கே நீதான் காரணம், தெரியுமா?” என்றது ஹாரன்.

“நானா? என்னால் யாருக்கும் எந்தத் தொல்லையும் வந்ததில்லையே.”

“போன தை மாசம் இவங்க புது வீடு குடிபோனாங்க. அண்ணனைத் தட்டு வச்சு நேர்ல போய் அழைக்கணுமா இல்லையா? வேலை வேலைன்னு பத்திரிகையைப் போன்ல படமா அனுப்பிட்டாங்க. வீடு இருக்கிற இடம் இதுதான்னு கூடவே உன்னையும் அனுப்பினாங்க.”

“ஆமாம். வாசற்படி வரைக்கும் மிகச் சரியாகக் காட்டினேன்.”

“கிழிச்சே. அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? ‘தங்கச்சி வீட்டுக்கு வழி தெரியாமலா உக்காந்திருக்கேன்? வழியை யார் கேட்டா, அழைப்பு எங்க?’ன்னாரு. வரலை. பொறந்த வீட்டுச் சீர் இல்லாம இவங்க பால் காய்ச்சினாங்க. புகையில கண்ணு கலங்குதுன்னு வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டாங்க.”

“அப்புறம்?” என்றது வழிகாட்டி.

“அந்த அண்ணன் போன வாரம் பஸ் ஏறி வந்தாரு. வாசல்ல நான்தான் நின்னேன், என் காது கேட்கத்தான் பேசினாரு. வெத்தலை பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் தட்டுல. ‘பன்னெண்டு வருஷம் கழிச்சுத் தேர் ஓடுது. நம்ம வீட்டு வாசலைத் தாண்டும்போது பொறந்த பொண்ணு கை வடத்துல இருக்கணும். வந்து சேரு’ன்னாரு. ‘தண்ணியாவது குடிண்ணே’ன்னு இவங்க சொம்பை நீட்டினாங்க. ‘முதல்ல நீ வா. அப்புறம் உன் கையால குடிக்கிறேன்’னு இறங்கிப் போயிட்டாரு. அவங்க வீடு இருக்கிற மேலவீதியைத் தேரு தாண்டினப்புறம் போனா, போனதும் ஒண்ணுதான் போகாததும் ஒண்ணுதான்.”

வழிகாட்டி வழியை மறுபடி ஒருமுறை கணக்குப் பார்த்தது. பிறகு, “இன்று ஒரு நிமிஷம்கூட வீணாக்க மாட்டேன். பார்த்துக்கொண்டே இரு,” என்றது.

சொன்னபடியே செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றுப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்து, பக்கத்துப் பாலத்துக்குத் திருப்பிவிட்டது. பசித்த நேரத்தில் சுடச்சுட இட்லி போடுகிற கடைக்குக் கூட்டிப்போனது. “பரவாயில்லையே” என்று ஹாரனே ஒரு தரம் முனகியது. தையல்நாயகி பொட்டலத்தைப் பிரித்துத் தலையில் பூ வைத்துக்கொண்டு, சின்னக் குரலில் ஏதோ பாடவும் ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் போகிற கார் மாதிரி இருந்தது.

தஞ்சாவூர் தாண்டியதும் வழிகாட்டி ஒரு குறுக்குச் சாலையைப் பிடித்தது. பாதி தூரம் போனபின் சாலையைக் காணோம். மேலே உளுந்துச் செடியைப் பாய் விரித்தாற்போல் பரப்பியிருந்தார்கள். தியாகேசன் தயங்கி நிறுத்தினார்.

“என்ன ஆச்சு? என் கணக்கில் இங்கே சுத்தமான தார்ச்சாலை,” என்றது வழிகாட்டி.

“உன் கணக்குல உளுந்து வருமா?” என்றது ஹாரன்.

ஓரத்தில் நின்ற பெண்ணொருத்தி கையை ஆட்டினாள். “சும்மா ஏத்துங்கண்ணே. நீங்க நாலு பேரு ஏறினாத்தான் எங்களுக்கு உளுந்து உதிரும்.” அவர் மெதுவாக ஏற்றினார். சக்கரத்துக்கடியில் காய்கள் சடசடவென்று வெடித்தன. தையல்நாயகி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “நாமளும் ரெண்டு மரக்கால் உளுந்து அடிச்சுக் கொடுத்துட்டோம்.”

“வேகம் குறைகிறது, வேகம் குறைகிறது,” என்று வழிகாட்டி மட்டும் கிடந்து தவித்தது.

திருக்கொன்றையூர் நெருங்கியபோதுதான் அது அலறியது. ஊரின் மேற்கே ஒரு வீதி முழுக்கச் சிவப்பு. சாதாரணச் சிவப்பில்லை, குங்குமத்தைக் கொட்டி வைத்த சிவப்பு. வீதிமுனையில் அது கட்டிபட்டுப் போயிருந்தது. அசையவே இல்லை.

“ஐயையோ, இவர்களை இதில் மாட்டவிடக் கூடாது,” என்று சட்டென்று புறவழிச்சாலைக்குத் திருப்பியது. தையல்நாயகி கல்யாணமாகிப் போன பிறகு போட்ட சாலை அது. அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

கார் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து, காலியான தெருவொன்றின் வழியே புகுந்து, கோயிலின் கீழவாசலில் கோபுரத்துக்கு நேர் எதிரே நின்றது. ஒரு தடங்கல் இல்லை.

“நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது,” என்றது வழிகாட்டி. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது அதற்கு எப்போதும் நெஞ்சு நிறையும்.

தையல்நாயகி இறங்கிப் பார்த்தாள். வாசலில் ஈ காக்கை இல்லை. தேர் நிற்கிற கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. பூக்கடையில் ஒரே ஒரு அம்மாள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சாமி எங்கம்மா?” என்று கேட்டார் தியாகேசன்.

பூக்கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “தேரன்னிக்குக் கோயிலுக்கு வந்து சாமியைத் தேடுறீங்களே தம்பி. சாமி தெருவுல இருக்கு. மேலவீதி முக்குல நெரிசல்ல நிக்குது.”

வீட்டு வாசலைத் தாண்டிவிட்டதோ என்று தையல்நாயகியின் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்த வழிகாட்டிக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக, வழி தெரியாமல் நிற்பது என்றால் என்ன என்று புரிந்தது. இடம் தப்பவில்லை. இம்மியும் பிசகவில்லை. ஆனால் தேடி வந்தது எதுவும் அங்கே இல்லை.

“திட்டிவிடு ஹாரன். எனக்கு அது வேண்டும்,” என்றது.

ஹாரன் திட்டவில்லை. “அழுதுக்கிட்டு நிக்காதே. அந்த அம்மா உன்னைத்தான் பார்க்கிறாங்க,” என்றது.

நிஜந்தான். தையல்நாயகி போனைக் கையில் எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இந்த மொனையில இவ்வளவு சிவப்பா இருக்கே, இது எந்த இடம்?”

“மேலவீதி வடக்கு முக்கு,” என்றார் தியாகேசன்.

“எங்க வீட்டு வாசல்தாங்க அது. அப்ப தேர் இன்னும் தாண்டலை. வண்டியை அங்க விடுங்க.”

“செம நெரிசலா இருக்கும்மா.”

“நெரிசலுக்குத்தாங்க வந்திருக்கோம்.”

வழிகாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பிழைப்பில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தது. சிவப்பின் நடுவயிற்றுக்கே வழி போட்டது. வடக்கு வீதி வரைக்கும் கார் போயிற்று. அங்கே தேர் வரப்போகிற வீதி முழுக்கக் கோலம். அதன்மேல் வண்டி ஏற்ற இருவருக்கும் மனசு வரவில்லை. ஓரங்கட்டிவிட்டு ஓடினார்கள். கையிலிருந்த வழிகாட்டி, “நேரே, நேரே, இடப்பக்கச் சந்தில் கூட்டம் குறைவு,” என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தது. இதைச் சொல்ல அதைவிட்டால் ஆளில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் வடத்தில் இருந்தார்கள்.

முக்கில் தேர் மலை மாதிரி நின்றது. அலங்காரத் துணிகள் காற்றில் ஆடின. பெரிய சக்கரத்தின் அடியில், அழுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டுக்கட்டையோடு குனிந்திருந்தார் தையல்நாயகியின் அண்ணன் வைத்தியலிங்கம். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. வேர்வை வழிய நிமிர்ந்தவர் தங்கையைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. முகவாயால் வடத்தைக் காட்டினார். தையல்நாயகி போனையும் தண்ணீர் பாட்டிலையும் புருஷன் கையில் திணித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்களுக்குள் புகுந்து வடத்தைப் பிடித்தாள்.

தியாகேசன் ஓரமாக நின்றார். அவர் காலடியில் இன்னொரு முட்டுக்கட்டை கிடந்தது. புளியமரத்தில் செதுக்கியது, நசுங்கி வழவழத்த உடம்பு.

“யாரு, புதுசா இருக்கே?” என்றது கட்டை.

“நான் வழிகாட்டி. தடங்கலில்லாமல் கூட்டிச் செல்வது என் தொழில்.”

“அட, நம்ம தொழில்தான்.”

வழிகாட்டிக்குச் சிரிப்பு வந்தது. “நீங்கள் தடுப்பவர் அல்லவா? காரியத்தைக் கெடுப்பவனை உங்கள் பேரைச் சொல்லித்தானே ஏசுகிறார்கள்?”

“ஏசுறவன் தேரோட்டம் பார்க்காதவன். நான் குறுக்கே விழலைன்னா தேரு திரும்புமா? நேரே போய் யார் வீட்டுச் சுவத்துலயாவது ஏறும்.” கட்டை குரலைத் தாழ்த்தியது. “ஆனா உங்கிட்டச் சொல்றதுக்கென்ன. இன்னிக்கு இந்த முக்குல நாங்க செய்யறது தப்பு வேலைதான்.”

“என்ன தப்பு?”

“மூணு வீதியைப் பூ மாதிரி ஓடி வந்துச்சு தேரு. இங்க வந்ததும் நின்னுபோச்சு. தேருக்கு என்னமோ கோளாறுன்னு ஊரே நினைக்குது. ஒரு கோளாறும் இல்லை. இந்த மனுஷன் எங்களை வேணும்னே கோணலா வைக்கிறாரு. எடுக்கிறாரு, மறுபடி கோணலா வைக்கிறாரு. முப்பது வருஷமா ஊர் ஊராப் போய்த் தேர்க்கட்டை போடுற கை, அதுக்கா தெரியாது? தேர் மேஸ்திரி திட்டறாரு, கூட்டம் கூச்சல் போடுது, எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கிறாரு. வச்சுட்டு வச்சுட்டு சேலத்து வண்டி வர்ற பக்கமே பார்க்கிறாரு.”

வழிகாட்டி திகைத்தது. “அப்படியானால் இந்த நெரிசல்...”

“தங்கச்சிக்காகப் போட்ட நெரிசல்.”

இதற்குப் பயந்துதான் அது ஊரையே சுற்றி ஓடியிருந்தது. அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வழிகாட்டி கூனிக் குறுகிப்போனது. அதே சமயம் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து எப்படி வரும் என்று அதற்கு விளங்கவில்லை.

வைத்தியலிங்கம் ஒரே வீச்சில் கட்டையைச் சரியாக வைத்தார். கையைத் தூக்கினார். வடம் விறைத்தது. தேர் ஒரு தரம் முனகி, அசைந்து, அழகாகத் திரும்பி, அந்த வீட்டு வாசலைத் தாண்டியது. வடத்தில் தையல்நாயகியின் கை இருந்தது. அவள் வாய்விட்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இழுத்தாள். இந்தத் தடவை புகை என்று யாரிடமும் சொல்லவில்லை.

வடக்கு வீதியில் தேர் சற்று இளைப்பாறியபோது, வைத்தியலிங்கம் நெற்றியை வழித்துவிட்டுக்கொண்டு தங்கையிடம் வந்தார்.

“ஏன்டி இவ்வளவு நேரம்?”

“சுத்திக்கிட்டு வந்துட்டோம்ண்ணே.”

“தண்ணி இருக்கா?”

அவள் புருஷன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து நீட்டினாள். வைத்தியலிங்கம் அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“மாப்ள, சாப்பாடு நம்ம வீட்டுல,” என்றார். அவ்வளவுதான் அந்தச் சண்டை.

தேர் மறுபடி அசையத் தொடங்கியது. இந்த முறை தியாகேசனும் வடத்தைப் பிடித்தார். வழிகாட்டி அவர் சட்டைப்பையில் ஆடிக்கொண்டு போயிற்று. ஊரின் சித்திரத்தைப் பார்த்தது. சிவப்பு இப்போது வடக்கு வீதியில் மெல்ல நகர்ந்தது. அதன் நட்ட நடுவில் ஒரு சிறு நீலப் புள்ளி தெரிந்தது. யாரென்று பார்த்தால், தானேதான்.

அப்போது தொலைவில், ஊருக்குள் வந்துகொண்டிருந்த வேறொரு காரின் வழிகாட்டி கூப்பிட்டது.

“அண்ணே, எங்க வண்டியிலும் இந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தங்க வர்றாங்க. முன்னால ஒரே சிவப்பாத் தெரியுதே. சுத்துவழியில திருப்பிவிடட்டுமா?”

“திருப்பாதே, நேரே வா,” என்றது இது. “யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க.”